பக்கத்து ரூமுக்கு லெட்டர் போட்டாலும் முழு விலாசம் வேணும்

டிஸ்கி: இது பொட்டி தட்டுற பதிவு. சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா புரோகிராம் எழுதாதவங்களுக்கும் புரியணும்னுதான் முயற்சி பண்ணியிருக்கேன். கட்டளை, ஃபோல்டர் பேரு எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே போட்டிருக்கேன். நிஜத்துல இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும். ஏன் அப்படிங்கறதுக்குக் கடைசியில ஒரு சோகக்கதை இருக்கு.

போன வருஷம் எங்க டீமுக்கு ஒரு தம்பி வந்தான். காலேஜ் முடிச்சு நேரா வந்த பையன். அதிகம் பேச மாட்டான். கோ மொழியில ஒரு சின்ன சர்வீஸ் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தோம். மூணு வாரம் கழிச்சு ரிவ்யூவுக்கு அனுப்பினான். திறந்து பார்த்தா ஒரே ஃபைல். மெயின்.கோ. 2,800 வரி. டேட்டாபேஸ் வேலை, கணக்கு வேலை, மெயில் அனுப்பற வேலை, எல்லாம் ஒரே மூட்டையில.

அன்னிக்கு எனக்கு ஆணி அதிகம். கடுப்புல ரிவ்யூவுல இப்படி ஒரு வரி எழுதினேன்: "இது என்ன, காலேஜ் லேப் ரெக்கார்டா? ஃபோல்டர் ஃபோல்டரா பிரிச்சு எழுதுறது அடிப்படை விஷயம்." டீமுல ஏழு பேர் படிக்கிற இடம் அது. ரெண்டு பேர் சிரிப்பு பொம்மை வேற போட்டாங்க.

தம்பி பதிலே எழுதலை. சாயங்காலம் அவன் சீட்டுக்குப் போனேன், சும்மா பார்க்கலாம்னு. அவன் மெஷின்ல அந்த புராஜெக்ட் பக்கத்துல வரிசையா ஃபோல்டர்கள். ட்ரை1, ட்ரை2, ட்ரை3, நியூ, நியூ2, ஃபைனல். ஒண்ணொண்ணா திறந்து பார்த்தேன். எல்லாத்துலயும் அதே புரோகிராமை அழகா மூணு நாலு ஃபோல்டரா பிரிச்சு வெச்சிருந்தான். ஒண்ணு கூட கம்பைல் ஆகலை. ஒண்ணுல புள்ளி-சாய்கோடு போட்டு இம்போர்ட் பண்ணியிருக்கான். இன்னொண்ணுல வெறும் ஃபோல்டர் பேரை மட்டும் போட்டிருக்கான். மூணாவதுல ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் போய் தனித்தனியா கோ.மாட் ஃபைல் உருவாக்கி வெச்சிருக்கான்.

"எத்தனை நாள்டா இது?"

"ரெண்டரை நாள் அண்ணா. அப்புறம் டைம் இல்லைன்னு எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாமே?"

"ரொம்ப அடிப்படையான விஷயமா இருக்கே, இதைப் போய் எப்படி அண்ணா கேட்கிறதுன்னு..."

அடிப்படைங்கற அதே வார்த்தையைத்தான் நான் அன்னிக்குக் காலையில அவனுக்கு எதிரா எழுதியிருந்தேன். அவ்வ்வ்வ்.

இந்தப் பதிவு அதுக்காகத்தான். என்னோட கட்சி இதுதான்: ஒரு மொழியைக் கத்துக்கிறவன் முதல்ல முட்டிக்கிற சுவரு ஃபார் லூப்பும் இல்ல, பாயிண்டரும் இல்ல. ரெண்டாவது ஃபோல்டர்தான் அந்தச் சுவரு. அதை யாரும் பாடமா சொல்லித் தர்றதில்லை. ஆனா அது தெரியலைன்னா மட்டும் எல்லாரும் சிரிக்கிறோம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். காலேஜ் லேப் ஞாபகம் இருக்கா? எக்ஸர்சைஸ் ஒண்ணு, ஒரு ஃபைல். எக்ஸர்சைஸ் ரெண்டு, இன்னொரு ஃபைல். நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, முடிவுன்னு ரெக்கார்டுல எழுதி கையெழுத்து வாங்குவோம். "முடிவு: மேற்கண்ட நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டது." நாலு வருஷத்துல ஒரு தடவை கூட, நான் எழுதின ஒரு ஃபங்ஷனை நானே வேற ஃபோல்டர்ல வெச்சு, இன்னொரு ஃபைல்ல இருந்து கூப்பிட்டது கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கையில கொடுக்கற புராஜெக்ட்லயோ நாற்பது ஃபோல்டர் இருக்கும். ஒரு ஃபைல் நிரலுக்கும் நாற்பது ஃபோல்டர் புராஜெக்ட்டுக்கும் நடுவுல இருக்கிற ஆத்துக்கு எந்தப் பாடத்திட்டத்துலயும் பாலம் கிடையாது. அவனவன் நீந்தித்தான் வரணும்.

சரி, கோ மொழியில அந்த ஆறு எவ்வளவு ஆழம்? உண்மையைச் சொன்னா முழங்கால் அளவுதான். ஆனா இருட்டுல இறங்கினா முழங்கால் தண்ணியும் பயமாத்தான் இருக்கும். அதனால லைட்டைப் போட்டுப் பார்த்துடுவோம்.

நம்ம ஊர் இனிஷியலை எடுத்துக்கோங்க. வகுப்புல நாலு ரமேஷ் இருந்தா வாத்தியார் என்ன பண்ணுவார்? சு. ரமேஷ், கே. ரமேஷ்னு கூப்பிடுவார். வீட்டுக்குள்ள யாரும் இனிஷியலோட கூப்பிடறதில்லை. கோ மட்டும் வீட்டுக்குள்ளயும் இனிஷியல் போட்டுத்தான் கூப்பிடணும்னு சொல்ற ஸ்ட்ரிக்ட்டான வாத்தியார்.

அந்த இனிஷியல் எங்கேருந்து வருது? புராஜெக்ட்டோட தலைவாசல்ல கோ.மாட்னு ஒரு ஃபைல் இருக்கும். "கோ மாட் இனிட்"னு கட்டளை கொடுத்து, கூடவே ஒரு பேரு கொடுத்தா அது உருவாகும். உதாரணத்துக்கு "எக்ஸாம்பிள்.காம்/கடை"ன்னு வெச்சுக்குவோம். அதுதான் மாட்யூல் பேரு, அதாவது குடும்ப இனிஷியல். இப்ப அதே புராஜெக்ட்டுக்குள்ள "பில்"னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள பில் கணக்கு எழுதறீங்க. மெயின்.கோவுல இருந்து அதைக் கூப்பிட "பில்"னு எழுதினா வேலைக்காகாது. முன்னால புள்ளி-சாய்கோடு போட்டாலும் வேலைக்காகாது. "எக்ஸாம்பிள்.காம்/கடை/பில்"னு முழுசா எழுதணும். மாட்யூல் பேரு, ஒரு சாய்கோடு, தலைவாசல்ல இருந்து அந்த ஃபோல்டருக்குப் போற வழி. அவ்வளவுதான் சூத்திரம்.

புதுசா வர்றவங்க இந்த இடத்துலதான் மிரள்றாங்க. "அண்ணா, எக்ஸாம்பிள்.காம்னு போட்டா அது இன்டர்நெட்ல போய்த் தேடாதா?" நியாயமான கேள்வி. தேடாது. அந்தப் பேரு தன்னோட கோ.மாட்ல இருக்கிற பேரோட ஆரம்பிச்சா, இது நம்ம வீட்டு ஆளுன்னு உள்ளேயே எடுத்துக்கும். வெளி ஆளா இருந்தாத்தான் வெளியே போகும். பேரு விலாசம் மாதிரி இருக்கறதால தபால்காரர் வந்தே ஆகணும்னு இல்லை. கிட்ஹப்ல ஏத்தாமலே கிட்ஹப் விலாசத்தை மாட்யூல் பேரா வெச்சுக்கலாம்.

வெறும் "பில்"னு எழுதினா என்ன ஆகும்? "பில்ங்கற பேக்கேஜ் கோரூட்ல இல்லை"ன்னு திட்டும் (புது பதிப்புகள்ல "ஸ்டாண்டர்ட் லைப்ரரியில இல்லை"ன்னு வரும்). ஏன்னா, முதல் துண்டுல புள்ளி இல்லாத பேரெல்லாம் மொழியோட கூடவே வர்ற ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு ஒதுக்கினதுன்னு ஒரு மரபு. எஃப்எம்டி, ஓஎஸ், டைம் எல்லாம் அந்தக் குடும்பம். அவங்களுக்கு இனிஷியல் கிடையாது, ஊர்ப் பெரிய மனுஷங்க. தம்பி பார்த்த பிழைச் செய்தி இதுதான். "கோரூட்ல இல்லை"ன்னு படிச்சதும் தன்னோட ஃபோல்டரை எடுத்துக்கிட்டுப் போய் கோ இன்ஸ்டால் ஆன இடத்துலயே காப்பி பண்ணலாமான்னு யோசிச்சிருக்கான். யோசிச்சதுல தப்பே இல்லை. பிழைச் செய்தி அப்படித்தானே கை காட்டுது!

இன்னும் மூணு பள்ளம் இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

ஒண்ணு: கோவுல நீங்க இம்போர்ட் பண்றது ஃபைலை இல்ல, ஃபோல்டரை. ஒரே ஃபோல்டர்ல பத்து ஃபைல் இருந்தாலும் அது ஒரே பேக்கேஜ். ஒரே ரூம்ல இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் இம்போர்ட் பண்ணத் தேவையில்லை, சும்மா கூப்பிட்டாலே போதும். ஆனா "கோ ரன் மெயின்.கோ"ன்னு ஃபைல் பேரைக் கொடுத்து ஓட்டினா அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துக்கிட்டு, பக்கத்து ஃபைல்ல இருக்கிற ஃபங்ஷனைத் தெரியவே தெரியாதுன்னு சாதிக்கும். "கோ ரன்" போட்டு ஒரு புள்ளி வைக்கணும். அந்தப் புள்ளிக்கு "இந்த ஃபோல்டர் முழுக்க"ன்னு அர்த்தம். இந்த ஒரு புள்ளி தெரியாம அரை நாள் போனவங்களை எனக்குத் தெரியும். (கண்ணாடியில தினமும் பார்க்கறேன்.)

ரெண்டு: உள் ஃபோல்டருக்குள்ள போய் இன்னொரு தடவை "கோ மாட் இனிட்" போடக் கூடாது. போட்டா அந்த ஃபோல்டர் தனிக்குடித்தனம் போயிடும். அது இனி உங்க மாட்யூல்ல சேர்த்தி இல்லை. தம்பியோட மூணாவது முயற்சி செத்தது இப்படித்தான். ஒரு புராஜெக்ட், தலைவாசல்ல ஒரே ஒரு கோ.மாட். ஆரம்பத்துல இதைக் கண்ணை மூடிக்கிட்டு நம்புங்க.

மூணு: வெளியில இருந்து கூப்பிடற பேரு பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும். சின்ன எழுத்துன்னா அது அந்த பேக்கேஜோட அந்தரங்கம், வெளியே தெரியாது. இம்போர்ட் வெற்றிகரமா நடந்த பிறகும் "அப்படி ஒண்ணு இல்லை"ன்னு வந்தா தொண்ணூறு சதவீதம் இதுதான். (சதவீதம் என் வாய்க்கணக்கு, ஆதாரம் கேட்காதீங்க.)

இவ்வளவுதான் பாடம். டீ ஆறறதுக்குள்ள சொல்லி முடிச்சுடலாம். பிறகு ஏன் ஒருத்தனுக்கு ரெண்டரை நாள் போச்சு? அவன் தேடலையா? தேடினான். தேடினதுதான் வினையே.

சென்னைக்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். கதவு எண் கேட்டா "பழைய எண் 12, புது எண் 27"னு சொல்வோம். புதுசா வர்ற கொரியர் பையன் பழைய 27ல போய் நிப்பான். அந்த வீட்டுக்காரர் பொறுமையா அவனைத் திருப்பி அனுப்புவார். கோவுலயும் இந்தக் கதைதான்.

கோ 2009 நவம்பர்ல ஓப்பன் சோர்ஸா வெளிவந்துச்சு, 1.0 பதிப்பு 2012 மார்ச்ல. அந்தக் காலத்துல கோபாத்னு ஒரு ஏற்பாடு. உங்க மெஷின்ல ஒரு ஃபோல்டரைக் காட்டிட்டா, நீங்க எழுதற எல்லா கோ நிரலும், நீங்க இறக்கற எல்லா கோ நிரலும் அதோட எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள்ளதான் குடியிருக்கணும். ஊர் முழுக்க ஒரே கூட்டுக் குடும்பம். ஃபோல்டர் எங்க இருக்கோ அதுதான் இம்போர்ட் பேரு. எந்தப் பதிப்பு வேணும்னு சொல்ல வழியே கிடையாது. "கோ கெட்" போட்டா அன்னிக்கு இருக்கிற கடைசி நிலவரம் வந்து இறங்கும். இதைச் சமாளிக்க கோடெப், கிளைடு, டெப்னு ஆளாளுக்கு ஒரு கருவி. 2015ல 1.5 பதிப்போட வெண்டார்னு ஒரு ஃபோல்டர் ஏற்பாடு சோதனையா வந்துச்சு. 2018 பிப்ரவரியில கோ டீம்ல இருந்த ரஸ் காக்ஸ் மாட்யூல் திட்டத்தை வரிசையா கட்டுரைகளா எழுதினார். அதே வருஷம் ஆகஸ்ட்ல 1.11ல அது சோதனை வடிவமா வந்துச்சு. 2021 பிப்ரவரியில 1.16 வந்தப்பதான் மாட்யூல் முறையே இயல்பான முறை ஆச்சு.

ஆக, 2012ல இருந்து 2018 வரைக்கும் எழுதின பதில் எல்லாம் பழைய எண். அதுக்கப்புறம் எழுதினது புது எண். நடுவுல ஒரு மூணு வருஷம் ரெண்டு எண்ணும் கலந்து கிடக்கு. தேடுற பையனுக்கு எது எந்தக் காலத்து விலாசம்னு தெரியாது. "எஸ்ஆர்சிக்குள்ள போடு"ன்னு ஒருத்தர், "ஜிஓ111மாட்யூல்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிளை ஆஃப் பண்ணு"ன்னு இன்னொருத்தர், "புள்ளி-சாய்கோடு போதும்"னு மூணாவது ஆள். மூணு பேருமே அவங்கவங்க காலத்துல, அவங்கவங்க சூழல்ல உண்மையைத்தான் சொன்னாங்க. சேர்த்து வெச்சுப் படிக்கிறவனுக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். தம்பியோட ட்ரை1, ட்ரை2, ட்ரை3 மூணையும் பார்த்தா அது ஒரு மொழியோட பத்து வருஷ வரலாறு. பாவம், அவன் வரலாறு படிக்க வரலை.

இப்ப நீங்க கேட்கலாம்: இவ்வளவு கஷ்டம் எதுக்கு? பக்கத்து ஃபோல்டர்தானே, புள்ளி-சாய்கோடு போட்டுக் கூப்பிட விட்டா குடி முழுகிடுமா? மாட்யூல் முறையில அப்படிக் கூப்பிடறதுக்குத் தடை. "ரிலேட்டிவ் இம்போர்ட் செல்லாது"ன்னு நேரடியாவே சொல்லிடும். ஆரம்பத்துல இது வீம்புன்னுதான் நானும் நினைச்சேன். இப்ப இல்லை. கோ பக்கம் நியாயம் இருக்குன்னு நினைக்கிறேன், காரணம் சொல்றேன்.

நோட்ஜேஎஸ் ஆளுங்க புராஜெக்ட் உள்ள போய்ப் பாருங்க. புள்ளி புள்ளி சாய்கோடு, புள்ளி புள்ளி சாய்கோடு, புள்ளி புள்ளி சாய்கோடுன்னு நாலு படி ஏறி, அந்தப் பக்கம் ரெண்டு படி இறங்கற இம்போர்ட் எல்லாம் இருக்கும். அந்த ஃபைலை வேற ஃபோல்டருக்கு நகர்த்தினா அத்தனை புள்ளியும் தப்பாப் போகும். படிக்கிறவனுக்கும் அது எங்க போய் நிக்குதுன்னு விரல் விட்டு எண்ணணும்.

பைத்தான் இன்னும் வேடிக்கை. ஓட்டுற ஸ்கிரிப்ட் பக்கத்துலயே தெரியாத்தனமா ரேண்டம்.பிஒய்னு நீங்க ஒரு ஃபைல் வெச்சுட்டா, பைத்தானோட சொந்த ரேண்டமை அது மறைச்சுடும். எங்கேயோ சம்பந்தமே இல்லாத இடத்துல வெடிக்கும். பேக்கேஜுக்குள்ள இருக்கிற ஒரு ஃபைலை நேரடியா ஓட்டிப் பார்த்தா, அது வரைக்கும் ஒழுங்கா இருந்த ரிலேட்டிவ் இம்போர்ட் "எனக்கு அப்பா அம்மா யாருன்னே தெரியாது"ங்கற ரீதியில அழும். ஒரே வரி, எங்கிருந்து ஓட்டறீங்கங்கறதைப் பொறுத்து வேற வேற அர்த்தம்.

கோவுல அந்தக் குழப்பம் கிடையாது. "எக்ஸாம்பிள்.காம்/கடை/பில்"னு எந்த ஃபைல்ல எழுதினாலும், எந்த ஃபோல்டர்ல நின்னுக்கிட்டு எழுதினாலும், அதே புராஜெக்ட்ல அது அதே பில்தான். வரியை அப்படியே வெட்டி இன்னொரு ஃபைல்ல ஒட்டலாம். மொத்த புராஜெக்ட்லயும் அந்த வரியைத் தேடினா, யார் யாரு பில்லைப் பயன்படுத்தறாங்கன்னு ஒரு நொடியில தெரியும். பேரு நீளம், ஆனா சந்தேகம் இல்லை. அஞ்சு வருஷம் கழிச்சு, எழுதினவன் வேலையை விட்டுப் போன பிறகு அந்த நிரலைத் திறக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்னு ஒரு தடவை அனுபவிச்சாத்தான் தெரியும்.

"இன்டர்னல்"னு ஒரு ஃபோல்டர் வெச்சா, அதுக்குள்ள இருக்கிறதை அந்த ஃபோல்டரோட பெத்தவங்க வீட்டு எல்லைக்குள்ள இருக்கிறவங்க மட்டும்தான் கூப்பிட முடியும். அந்நியர் நுழைய முடியாத சமையலறை. இதுவும் முழு விலாசம் இருக்கறதாலதான் சுலபமா நடக்குது.

செலவு இல்லாம இல்லை. மாட்யூல் பேரை மாத்தினா எல்லா ஃபைல்லயும் எல்லா இம்போர்ட்டையும் மாத்தணும். அப்பா பேரு மாறினா பசங்க எல்லாரோட சர்டிஃபிகேட்டும் மாறணுமே, அந்த மாதிரி. இன்னொண்ணு, ரெண்டு தனித்தனி மாட்யூலை ஒரே நேரத்துல மெஷின்ல வெச்சுக்கிட்டு வேலை பார்க்கறது. இதுல நானே வாங்கிக் கட்டிக்கிட்ட கதை உண்டு.

எங்க லைப்ரரி ஒண்ணை மாத்திக்கிட்டே, அதைப் பயன்படுத்தற சர்வீஸையும் மாத்திட்டு இருந்தேன். லைப்ரரியை வெளியிடாமலே சோதிக்கிறதுக்கு கோ.மாட்ல "ரீப்ளேஸ்"னு ஒரு வரி போடலாம்: இந்த விலாசத்துக்கு வர்ற லெட்டரை எல்லாம் என் மெஷின்ல இருக்கிற இந்த ஃபோல்டருக்குத் திருப்பி விடு. அருமையான வசதி. அந்த வரியை எடுக்காமலே வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏத்திட்டு ஊருக்குப் பஸ் ஏறிட்டேன். என் மெஷின்ல பச்சை, மத்த எல்லா இடத்துலயும் சிவப்பு. அவங்க மெஷின்ல அந்த ஃபோல்டர் இருந்தாத்தானே! விழுப்புரம் தாண்டும்போது போன் வந்துச்சு. யாரும் ரிவ்யூவுல "அடிப்படை"ன்னு எழுதலை. சிரிச்சுட்டு, அவங்களே அந்த வரியை எடுத்துட்டு, திங்கக்கிழமை டீ வாங்கித் தரச் சொன்னாங்க. ஒரே தப்பு வகைதான். சீனியர் பண்ணினா டீ, ஜூனியர் பண்ணினா அடிப்படை. இதை நான் எழுதும்போதுதான் உறைக்குது.

(இந்த மாதிரி வேலைக்கு 2022 மார்ச்ல வந்த 1.18 பதிப்புல இருந்து கோ.வொர்க்னு தனி ஃபைல் இருக்கு. பக்கத்துப் பக்கத்து மாட்யூலை எல்லாம் அதுல எழுதிட்டா கோ.மாட்டைத் தொடவே வேணாம். அந்த ஃபைலைப் பொதுவா கிட்ல ஏத்தாம உங்க மெஷினோட வெச்சுக்கோங்க. பஸ்ல நிம்மதியா தூங்கலாம்.)

இப்ப முதல்ல சொன்ன சோகக்கதை. பெரிய எழுத்துல ஆரம்பிச்சாத்தான் வெளியே தெரியும்னு சொன்னேன் இல்லையா? தமிழ்ல பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது? கிடையாது. அதனால கோவுல தமிழ்ல பேரு வெச்ச ஒரு ஃபங்ஷனை இன்னொரு பேக்கேஜுக்கு அப்படியே அனுப்பவே முடியாது, முன்னால ஒரு இங்கிலீஷ் பெரிய எழுத்தை ஒட்டினா ஒழிய. அதுக்கு மேல ஒரு கொடுமை. புள்ளி, கால், கொம்பு எதுவும் பேருல வரக்கூடாது, ஏன்னா யூனிகோட் கணக்குல அதெல்லாம் எழுத்து இல்லையாம், எழுத்தோட ஒட்டிக்கிற குறியாம். "பட"ன்னு பேரு வைக்கலாம், "படம்"னு வைக்க முடியாது. மாட்யூல் பேருக்கோ சுத்தமா வழி இல்லை, அங்க ஆஸ்கி எழுத்து மட்டும்தான். இது தெரிஞ்சேதான் பண்ணினாங்க. கோவோட அதிகாரப்பூர்வ கேள்வி-பதில் பக்கத்துலயே இந்தக் குறையை ஒத்துக்கறாங்க, தேவநாகரியை உதாரணமாச் சொல்லி. எளிமையான விதி வேணும்னு வெச்சதுல நம்ம மெய்யெழுத்து எல்லாம் வாசலுக்கு வெளியே நிக்குது. முழு விலாச விதியை மனசார ஆதரிக்கிற நான், இந்த விதியை மட்டும் ஆதரிக்க மாட்டேன். எளிமை யாருக்கு எளிமைன்னு கேட்கணும்ல?

அதே கேள்வியைத்தான் "அடிப்படை"ங்கற வார்த்தையைப் பார்த்தும் கேட்கணும். யாருக்கு அடிப்படை?

ரிவ்யூ நடந்த அன்னிக்கு ராத்திரி இதை யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நான் இதை எப்போ கத்துக்கிட்டேன்? நானாவே கத்துக்கிட்டேன்னுதான் அது வரைக்கும் நம்பிட்டு இருந்தேன். நல்லா யோசிச்சா ஞாபகம் வருது. 2019ல முதல் வேலையில சேர்ந்த ரெண்டாவது வாரம், பக்கத்து சீட்ல ஒரு அக்கா இருந்தாங்க. நான் திரையை முறைச்சுக்கிட்டு இருக்கறதைப் பார்த்துட்டு, நான் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. ஒரு தாள்ல மூணு கட்டம் வரைஞ்சு, ஒரு கட்டத்து மேல கோ.மாட்னு எழுதி, "இங்க இருக்கிற பேரு, அதுல இருந்து வழி, அவ்வளவுதான்டா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. பத்து நிமிஷம் இருக்கும். எனக்குக் கிடைச்ச அந்தப் பத்து நிமிஷத்தை நான் என்னோட சொந்த அறிவுன்னு கணக்கெழுதி வெச்சிருந்திருக்கேன். தம்பிக்கு அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கலை. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வித்தியாசம் அது மட்டும்தான்.

"டாக்குமென்டேஷன்ல இருக்கே, படிக்கலாமே"ன்னு சிலர் சொல்லலாம். இருக்கு, நல்லாவே எழுதியிருக்காங்க. ஆனா அதைத் தேட "மாட்யூல்"ங்கற வார்த்தை தெரிஞ்சிருக்கணும். மாட்டிக்கிட்டவனுக்குத் தெரிஞ்சது "பக்கத்து ஃபோல்டர்ல இருக்கிற ஃபங்ஷனை எப்படிக் கூப்பிடறது" மட்டும்தான். கேள்வியோட சரியான பேரு தெரிஞ்சவனுக்குப் பாதிப் பதில் தெரிஞ்ச மாதிரி. அந்தப் பேரைச் சொல்லித் தர ஒரு ஆள் வேணும், புத்தகம் போதாது.

மறுநாள் அந்த ரிவ்யூ வரிக்குக் கீழேயே, அதே ஏழு பேர் பார்க்கிற இடத்துல எழுதினேன்: "மேலே எழுதினது தப்பு. ஃபோல்டர் பிரிக்கிற முறையை நாங்க சொல்லித் தரலை. இன்னிக்கு உட்கார்ந்து பிரிக்கறோம்." தம்பியோட உட்கார்ந்தோம். ட்ரை3 ஃபோல்டரை எடுத்து, உள்ளே இருந்த ரெண்டு கோ.மாட்டை அழிச்சு, நாலு இம்போர்ட் வரியைத் திருத்தி, ரெண்டு ஃபங்ஷனோட முதல் எழுத்தைப் பெரிசாக்கினோம். ஓடிடுச்சு. அவன் பிரிச்சிருந்த விதம் நான் பிரிச்சிருந்தா வந்திருக்கறதை விட நல்லா இருந்துச்சு, பொய் சொல்லலை.

அவன் திரையைப் பார்த்துட்டு "இவ்வளவுதானா அண்ணா?"ன்னான். அதுல சந்தோஷத்தை விட ரெண்டரை நாள் போன வருத்தம்தான் அதிகம் இருந்துச்சு. எனக்கு பதில் சொல்ல வரலை.

இப்ப எங்க டீமுக்கு யார் வந்தாலும் முதல் நாள் லேப்டாப் கொடுத்த உடனே ஒரு சின்ன வேலை. ரெண்டு ஃபோல்டர் போடு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணைக் கூப்பிடு. பக்கத்துல ஒருத்தர் உட்காரணும். அவங்க கேட்கற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பைத்தானோ ஜாவாவோ எந்த மொழியா இருந்தாலும் இதே வேலைதான். உங்க ஆபீஸ்லயும் செஞ்சு பாருங்க மக்களே, செலவு ஒரு டீ.

பி.கு: இந்த வருஷம் சேர்ந்த ரெண்டு பேருக்கு அந்தப் பத்து நிமிஷத்தை எடுத்தது தம்பிதான். தாள்ல கட்டம் வரையலை, பலகையில ஃபோல்டர் படம் போட்டான். நான் பின்னால நின்னு பார்த்துட்டு இருந்தேன். இன்டர்னல் ஃபோல்டர் பத்திச் சொல்லும்போது எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னான். என்னன்னு இங்க சொல்ல மாட்டேன், மானம் போயிடும் :-)